ஓடக்காரன் கரும்பன் கேட்ட விடைச்சோறு

நலம் பெருகுக. நறையாறு பாயும் நிலமெல்லாம் நெல் பெருகுக. நெல் விளைந்த வீடெல்லாம் விருந்து பெருகுக.

குன்றங்களுக்கும் கடல்துறைகளுக்கும் உரியவரும், வெண்குடையும் வேங்கைக்கொடியும் உடையவரும், நறுங்கான நாட்டின் முடி தாங்கியவருமாகிய அல்லியங்கோதைப் பெருந்தேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் அடி போற்றும் மூத்த அமைச்சன் விறல்மாறன், தென்கரைக் கோட்டத்தை ஆள்பவரும், தேவியாருக்கு உடன்பிறந்த இளையவரும், யானைப்படைக்குத் தலைவருமாகிய வேழமருகருக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் உப்பளங்கள் வெள்ளையாய் விளைவனவாக. தங்கள் மரக்கலங்கள் போன திசையிலிருந்தே திரும்பி வருவனவாக. தங்கள் யானைகள் மதம் தெளிந்து, பாகர் சொல் கேட்பனவாக. தங்களுக்கு வந்திருந்த பல்வலியும் இந்நேரம் தணிந்திருப்பதாக.

தாங்கள் சினந்து விடுத்த ஓலை இங்கு வந்து சேர்ந்தது. தலைநகராகிய மாடமூதூரில் கொலைக்குற்றவாளி ஒருவன் பெயரால் ஊரே கூடி உலை வைத்ததாகவும், சிறையதிகாரியே மோர்ப்பானை சுமந்ததாகவும், முடிவில் தண்டம் காற்றோடு போனதாகவும் வணிகர் சொல்லக் கேட்டீர்கள். சட்டம் தளர்ந்தால் அரசு தளரும் என்று எச்சரித்தும் எழுதினீர்கள். தேவியார் அவ்வோலையை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மோர்ப்பானை வந்த இடத்தில் இருமுறையும் சிரித்தார். பின்னர் முகம் மாறி, நடந்ததை நடந்தபடியும், பேசியவர் பேச்சைப் பேசியபடியும் தம்பிக்கு எழுதுக என்று ஆணையிட்டார். ஆதலின் இவ்வோலையில் ஆற்றங்கரைப் பேச்சும் அடுப்பங்கரைப் பேச்சும் கலந்து வருமாயின், அது அடியேனின் எழுத்தாணி செய்த பிழையன்று.

மோர்ப்பானை சுமந்தது உண்மை. அங்கிருந்தே தொடங்கினால் தங்களுக்குக் கோபம் தணியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

கோட்டைச் சிறையின் அதிகாரி கண்ணந்தையாரைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற அறுவடை விழாவில் தங்கள் பந்தியில் அமர்ந்து, அதிரசம் தீர்ந்த பின்னரே எழுந்த பெரிய மனிதர் அவரே. உடம்பு பெரிது, குரல் பெரிது, விதிகளின்மேல் அவருக்குள்ள பற்று அவ்விரண்டினும் பெரிது. சிறைக்கதவை இடக்கையால் திறக்கலாகாது என்று எங்கோ ஒரு விதி இருப்பதாக எவரோ விளையாட்டாய்ச் சொல்ல, அன்று முதல் வலக்கையாலேயே திறந்து வருபவர். அவர் மனத்தில் என்னென்ன ஓடியது என்பதை அவரே என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அதனால் துணிந்து எழுதுகிறேன்.

அவருடைய காவலில் கரும்பன் என்னும் ஓடக்காரன் கொலைத்தண்டம் பெற்று இருந்தான். அவன் குற்றம் ஐயத்துக்கு இடமற்றது. பெருந்துறையில், எந்த ஓடம் முதலில் கரை அணைவது என்று எழுந்த அற்பச் சண்டையில், உள்ளே போன கள்ளின் வேகத்தோடு துடுப்பை ஓங்கித் துறைக்காவலன் எயினனைத் தலையில் அடித்தான்; எயினன் அன்றே மாண்டான். கரும்பன் ஓடவில்லை, ஒளியவுமில்லை. அவையில் நின்று, “அடிச்சேன். சாகணும்னு அடிக்கல. ஆனா செத்துட்டாரு” என்று மட்டும் சொன்னான். அறங்கூறுவோர் விதிப்படி தீர்ப்புரைத்தனர். தேவியாரும் விதிப்படி முத்திரையிட்டார்.

இந்நாட்டில் கொலைக்களம் செல்பவருக்கு ஊட்டும் விடைச்சோறு பற்றித் தாங்கள் அறிவீர்கள் எனினும், தங்கள் கோட்டத்தில் அது நெடுங்காலம் நிகழாமையால் நினைவூட்டுகிறேன். பசித்த வயிற்றோடு எவரையும் இவ்வுலகிலிருந்து அனுப்புவது நாட்டுக்கு இழுக்கு என்று தங்கள் பாட்டனார் வகுத்தது அது. கேட்ட உணவை அரண்மனை மடைப்பள்ளி சமைத்துத் தரவேண்டும். குற்றவாளி அதனை அதிகாரியின் கண்முன் உண்டு, கை கழுவி, ‘நிறைந்தேன்’ என்று சொல்லவேண்டும். அதிகாரி ‘கேட்டேன்’ என்று மறுமொழி கூறவேண்டும். அதற்கு அடுத்த விடியலில் தண்டம் நிறைவேறும். இச்சொற்கள் இரண்டும் சொல்லப்படாத வரையில் வாள் உறையிலேயே இருக்கும்.

கண்ணந்தையார் சிறைக்குள் சென்று, தம் வழக்கப்படி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“கரும்பா, விடைச்சோறு என்ன வேணும்னு சொல்லு. வெட்கப்படாத. மடைப்பள்ளிச் சமையல். கேட்டது வரும்.”

கரும்பன் நெடுநேரம் யோசித்தான். தாமே உண்ணப்போவது போலக் கண்ணந்தையாரும் ஆவலோடு காத்திருந்தார்.

“சோறு கொஞ்சம் குழைவா வடிக்கச் சொல்லுங்க ஐயா. பல்லு போனவங்களுக்கு மெல்ல வராது.”

அவன் பல்லுக்கு ஏதும் குறையில்லையே என்று கண்ணந்தையார் எண்ணினார். எனினும் கேட்கவில்லை.

“புளிக்குழம்பு போதும். மிளகு கம்மியா. சின்னப்பிள்ளைங்க நாக்கு தாங்காது. மோர் மட்டும் நெறைய வேணும், ஒரு அண்டா நெறைய.”

“அண்டாவா? எந்தச் சின்னப்பிள்ளைங்கடா? உனக்கு என்ன வேணும்னு தானே கேட்டேன்.”

“எனக்கில்லீங்க. கெழக்கு வாசலுக்கு வெளிய, இடிஞ்ச யானைக்கொட்டில்ல படுத்திருக்காங்களே, அவங்களுக்கு.”

கார்காலத்துப் பெருவெள்ளத்தில் நறையாற்றின் வடகரைச் சிற்றூர்கள் அழிந்ததும், அவ்வூர் மக்கள் கரை கடந்து நம் கோட்டைக்கு வெளியே தங்கியிருப்பதும் தாங்கள் கேள்வியுற்றதே. அவர்களை ஓடத்தில் ஏற்றி இக்கரை சேர்த்தவர்களுள் கரும்பன் ஒருவன் என்பதைக் கண்ணந்தையார் அப்போதுதான் அறிந்தார்.

“தண்ணி சுழிச்சிக்கிட்டு ஓடுது, பிள்ளைங்க அலறுது. ஏதாவது சொல்லித் தேத்தணுமே. அக்கரை போனா சோறு கெடைக்கும், கூரை கெடைக்கும், பயப்படாம உக்காருங்கன்னு சொன்னேன். யாரையும் கேட்டுச் சொல்லல, வாய்க்கு வந்ததுதான். இக்கரை வந்தா ஒண்ணுமில்ல. கொட்டில்ல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. தொறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமே திரும்பாமப் போவேன். ஒரு வேளையாவது நான் சொன்னது நடக்கட்டும் ஐயா.”

கண்ணந்தையார் மனம் இளகியது என்று எழுத ஆசைதான், ஆனால் இளகவில்லை. விடைச்சோறு கைதியின் வாய்க்கு உரியது, வேறெவர் வாய்க்கும் உரியதன்று, இது விதி என்று சொல்லி எழுந்தார். பின்பு, அவன் கூச்சத்தால் தன் வாயைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்கிறான், நல்ல உணவைக் கண்டால் மாறிவிடுவான் என்று தாமே தீர்மானித்து, செந்நெல் சோறும், அயிரைமீன் குழம்பும், மிளகிட்ட ஆட்டிறைச்சியும், நெய்யும், பலாச்சுளையும் வரவழைத்தார். கரும்பன் அவற்றை மரியாதையோடு பார்த்தான், தொடவில்லை. குழம்பின் மணம் சிறைக்கூடம் முழுதும் நிறைந்தது. விதிப்படி வேறெவரும் அதைத் தொடலாகாது ஆதலால், அயிரைமீனை எதிரில் வைத்துக்கொண்டு அதிகாரி பட்ட பாடு கைதி பட்ட பாட்டினும் பெரிது. மறுநாளும் அவ்வாறே வந்தது, அவ்வாறே ஆறிப் போயிற்று. மடைப்பள்ளித் தலைவர் தம் சமையலுக்கு இழுக்கு நேர்ந்ததாகக் கருதி இரண்டு நாள் எவரோடும் பேசவில்லை.

கண்ணந்தையாருக்கு ஓர் ஐயம் எழுந்தது. உண்ணாத வரையில் அவன் ‘நிறைந்தேன்’ என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லாத வரையில் சாக வேண்டியதுமில்லை. ஓடக்காரன் சுழியில் ஓடம் விடுவது போல் விதியின் சந்தில் நுழைந்து தப்பப் பார்க்கிறான் என்று எண்ணினார். வீட்டுக்குப் போய்ப் பகலுணவின்போது தம் மனைவி செய்யாளிடம் இதைச் சொல்லி, எப்படி என் கண்டுபிடிப்பு என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

செய்யாள் அம்மையார் பரிமாறிக்கொண்டிருந்த அகப்பையை நிறுத்தினார்.

“அவன் சோறு வேணாம்னா சொன்னான்? வேற எடத்துல குடுங்கன்னு தானே சொன்னான்?”

“விதி அப்படி இல்ல, செய்யா.”

“நீங்க குடுக்க விதி இல்ல, சரி. நான் குடுக்க எந்த விதி குறுக்க நிக்குது?”

கண்ணந்தையார் நெடுநேரம் யோசித்தும் அப்படி ஒரு விதி அவர் நினைவுக்கு வரவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அம்மையார் பெரிய பானையைக் கழுவத் தொடங்கிவிட்டார். சோறு குழைவாக, மிளகு குறைவாக, மோர் நிறைய. அன்றே அதனை வண்டியில் ஏற்றி யானைக்கொட்டிலுக்குக் கொண்டுபோய், “ஓடக்காரக் கரும்பன் கேட்ட சோறு இது” என்று சொல்லி எல்லாருக்கும் இலை போட்டார்.

அதன்பின் நடந்ததற்கு எவரும் ஆணையிடவில்லை. செய்யாள் அம்மையாரின் தெருவில் இருந்தவர்கள், அவர் மட்டும் பேர் வாங்குவதா என்று மறுநாள் ஆளுக்கொரு பானை ஏற்றினார்கள். நெசவாளர் தெருவுக்கு அது தெரிந்ததும் அவர்கள் புளிச்சோறு கட்டினார்கள். எண்ணெய் ஆட்டுவோர் தெருவுக்கும் நெசவாளர் தெருவுக்கும் தேரிழுக்கும் நாளிலேயே ஒத்துப்போகாது. ஆகவே இவர்கள் எள்ளுருண்டையும் சேர்த்து அனுப்பினார்கள். குயவர்கள் புதுக்கலயங்கள் கொடுத்தார்கள். கூரை வேய்வோர், தங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லி, ஓலைக்கட்டுகளோடு வந்து கொட்டிலின் மேல் ஏறிவிட்டார்கள். எல்லாம் கரும்பன் பெயரால். மாதக்கணக்கில் அக்கொட்டிலைக் கடந்து போயும் வந்தும் கொண்டிருந்த அதே மக்கள்தான். கொட்டிலில் இருந்த முதியவர் ஒருவர், கொண்டுவருவதைச் சற்று விட்டுவிட்டுக் கொண்டுவந்தால் செரிக்கும் என்று கைகூப்பி வேண்டும் அளவுக்குப் போயிற்று.

இதற்கிடையே சிறையின் சாளரத்தடியிலும் கூட்டம் சேர்ந்தது.

“கரும்பா, அந்தச் சொல்ல மட்டும் சொல்லிடாத. நாங்க சமைச்சிக்கிட்டே இருப்போம், நீ பேசாம இரு” என்று ஒருவர் கூவ, “ஆமா, இன்னும் யாரோ பசியா இருக்காங்கன்னே சொல்லிக்கிட்டு இரு” என்று இன்னொருவர் கற்றுக்கொடுத்தார்.

கண்ணந்தையாருக்கு இது பொறுக்கவில்லை. தம் ஐயமே மெய்யாயிற்று என்று சினந்து, இந்தக் கூத்தை நிறுத்துவது என்று உறுதி பூண்டு, கோலை எடுத்துக்கொண்டு நடுப்பகலில் யானைக்கொட்டிலுக்குப் போனார்.

அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் வீடிழந்த உழவரும், ஏற்கெனவே அங்கே கிடந்த நோயாளிகளும், தறி போனவரும், உறவு அற்றவரும் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். புதுக்கூரையிலிருந்து ஓலை மணம் வந்தது. ஒரு குழந்தை சோற்றில் குழி செய்து, அதில் குழம்பு தங்குகிறதா என்று கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கோலோடு நின்ற கண்ணந்தையாரைக் கண்ட செய்யாள் அம்மையார் வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. “சும்மாதானே நிக்கறீங்க. மோரு ஊத்துங்க” என்று பானையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். வலக்கையில் கோல் இருந்தமையால் அதைக் கீழே போட வேண்டியதாயிற்று. தாங்கள் கேள்விப்பட்ட மோர்ப்பானை இதுவே.

அவர் ஊற்றிக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில், தூணோரம், ஒரு பெண் இலையை மடித்து வைத்துவிட்டு அமர்ந்திருந்தாள். உண்ட இலையன்று, பரிமாறப்படாத இலை. கண்ணந்தையார் குனிந்து பார்த்தார். அவையில் தீர்ப்புரைத்த நாளன்று முன்வரிசையில் நின்றவள் அவள். மாண்டுபோன எயினனின் மனைவி வடிவி.

“நீ ஏம்மா இங்க இருக்க?” என்று கேட்டார்.

“வேற எங்க இருக்கறதுங்க? நாங்க இருந்தது தொறைக்காவல் வீடு. காவல் பாத்தவரே போயிட்டாரு. கருமாதி முடிஞ்ச மறுநா வந்து, புதுக் காவலாளு வராரு, வீட்ட ஒழிச்சிக் குடுங்கன்னாங்க. ஒழிச்சிக் குடுத்துட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரு கேட்டாங்க, சொல்றதுக்கு?”

கண்ணந்தையார் மோர்ப்பானையைக் கீழே வைத்தார். இலையைக் காட்டி, ஏன் உண்ணவில்லை என்று மெல்லக் கேட்டார்.

“இது அவன் பேரு சொல்லிப் போடற சோறாம். எல்லாரும் வாழ்த்திக்கிட்டே சாப்பிடறாங்க. சாப்பிடட்டும், நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு எறங்காதுங்க.”

செய்யாள் அம்மையார் வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தார். “இது வேணாம். எங்க வீட்டுக்கு வா. அங்க நான் எனக்கும் இவருக்கும் ஆக்கினது இருக்கு. அதுக்கு யாரு பேரும் இல்ல” என்றார். வடிவி மடித்த இலையைத் தூணோரம் ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அவரோடு போனாள்.

கண்ணந்தையார் திரும்பி நடந்தபோது அவர் காலுக்கு வேகம் இல்லை. ஒரு துறைக்காவலனின் உயிருக்கு ஈடாக இன்னொருவன் உயிரை வாங்க அவை கூடிற்று, ஓலை எழுதப்பட்டது, முத்திரை பதிந்தது, வாள் தீட்டப்பட்டது. அக்காவலனின் மனைவி எங்கே படுக்கிறாள் என்று பார்க்க ஒருவரும் இல்லை. தாமும் விதிகள் அத்தனையும் அறிந்தவர்தாம். இதற்கு ஒரு விதி இருக்கிறதா என்று ஒருநாளும் தேடியதில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சிறைக்குப் போனவர் கரும்பனிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெரிந்தவருமல்லர். வடிவி கொட்டிலில் இருந்தாள் என்று கேட்டதும் கரும்பன் எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

“எனக்குத் தெரியாதுங்க ஐயா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் பேர அங்க எடுக்கவே விட்டிருக்க மாட்டேன்.” சற்றுப் பொறுத்து, “சாப்பிட்டாங்களா?” என்றான்.

“உன் சோத்த இல்ல. எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்.”

“அது போதும்.”

அவன் திரும்பி வந்து அமர்ந்தான். வெளியே சாளரத்தடியில், சொல்லிடாதே கரும்பா என்று எவரோ இன்னும் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, கொட்டில்லேர்ந்து மிச்சம் ஏதாவது இருந்தா ஒரு கை கொண்டுவரச் சொல்லுங்க. அந்தம்மா காதுல இந்தக் கூச்சல் விழவேணாம். அவங்க வீட்டுக்காரரு எப்பவோ செத்துட்டாரு, நான் மட்டும் இங்க உக்காந்துக்கிட்டு, இன்னும் பசிக்குதுன்னு நாள் தள்ளிக்கிட்டு இருக்கறதா? நான் சொன்ன சொல்லு நடந்துடுச்சு. சோறு கெடச்சிது, கூரையும் போட்டாச்சுன்னு சொல்றாங்க. முடிச்சிக்கலாம்.”

செய்யாள் அம்மையாரின் பானையில் ஒட்டியிருந்த சோறு வந்தது. கண்ணந்தையார் தம் கையாலேயே இலையில் வைத்தார். கரும்பன் ஒரு கவளம் எடுத்து மென்றான். “மிளகு சரியாத்தான் இருக்கு” என்றான். பிறகு கை கழுவினான். கண்ணந்தையாருக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்ததாம்.

“நிறைந்தேன்” என்றான் கரும்பன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இருபது ஆண்டுக்கு மேலாக எந்த விதியிலும் அணுவளவும் வழுவாத கண்ணந்தையார், அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல், இடக்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நேரே என் வீட்டுக்கு வந்தார். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் முன் மூச்சிரைக்க நின்று, “அவன் சொல்லிட்டான். நான் இன்னும் கேக்கல” என்றார்.

“பக்கத்தில்தானே நின்றீர், எப்படிக் கேட்காமல் போகும்?” என்றேன்.

“காது அடைச்சிருக்குங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள தெறந்துடும்னு பயமா இருக்கு. அதுக்கு முன்ன தேவியாரைப் பாக்கணும்.”

பொழுது சாய்வதற்குள் இருவரும் தேவியார் திருமுன் நின்றோம். கண்ணந்தையார் கரும்பனுக்காக மன்றாடினார் என்று ஊரில் பேசுகிறார்கள், அவ்வாறன்று. அவர் முதலில் சொன்னது வடிவியின் வீட்டைப் பற்றி. எந்த நாளில் எவர் வந்து ஒழிக்கச் சொன்னார் என்பதைச் சொல்லி, அதன்பின்னரே யானைக்கொட்டிலையும், அதன்பின்னரே கரும்பன் உண்ட ஒரு கவளத்தையும் சொன்னார். தேவியார் குறுக்கிடாமல் கேட்டார். அவர் முத்திரை மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மனம் நிலைகொள்ளாதபோதே அவர் அவ்வாறு செய்வார் என்பது தங்களுக்குத் தெரியும்.

பின்பு அவர் சொன்னார்: “எயினனைக் கொன்றவன் ஒருவன். எயினன் மனைவியைத் தெருவில் விட்டது நாம். நம்மை எந்த அவை விசாரித்தது?”



கொலையுண்டவரின் நெருங்கிய உறவு இசைந்தாலன்றி உயிர்த்தண்டத்தை மாற்ற அரசுக்கு உரிமையில்லை என்பது நம் சட்டம். அதனைத் தேவியார் மீறவில்லை. தாங்கள் இதனை அழுத்தமாக அறியவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். வடிவியை அழைத்துவரச் செய்து, தம் அருகில் அமர்த்தி, நீ விரும்பினால் நாளை விடியலில் அவன் இறப்பான், நீ வேண்டாம் என்றால் இறக்கமாட்டான், எதைச் சொன்னாலும் உன் வீடு உனக்கு உண்டு, ஒன்றுக்காக மற்றொன்றன்று என்று தெளிவாக உரைத்தார்.

வடிவி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் பேசியதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“அவன மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதீங்க தாயே. மன்னிக்கல. எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் தொறையிலேர்ந்து வரும்போது கொரலு குடுத்துக்கிட்டே வருவாரு, உலைய எறக்கிட்டியான்னு. அந்தக் கொரல அவன் எடுத்துக்கிட்டான். அது அவன் செத்தாலும் வராது. அவன் சாகணும்னு தான் நானும் மொதல்ல இருந்தேன். கொட்டில்ல அந்தப் பிள்ளைங்களோட படுத்து எழுந்த பெறகு எனக்கு என்னமோ அது பெருசாத் தெரியல. அக்கரையில இன்னும் ஆளுங்க நிக்கறாங்களாம், இக்கரை வர ஓடம் பத்தலன்னு சொல்றாங்க. அவனக் கொன்னா துடுப்புப் போடற கை ரெண்டு கொறையும். போடட்டும். கை ஓயற வரைக்கும் போடட்டும். நான் ஏறற ஓடத்துல மட்டும் அவன் இருக்கக் கூடாது.”

தேவியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் கண்ணந்தையார் கொலைக்களத்துக்குப் பதிலாகக் கரும்பனைப் பெருந்துறைக்கு அழைத்துச் சென்றார். உயிருள்ளவரை கூலியின்றி ஓடம் செலுத்துக, கள் தொடாதே, ஆற்றின் இரு கரைகளையும் விட்டு அப்பால் அடி வையாதே என்பது அவன்மேல் விதிக்கப்பட்ட தண்டம். கேட்டதும் அவன் கும்பிடவும் இல்லை, மகிழவும் இல்லை. துடுப்பைக் கையில் கொடுத்தபோது, அதை வாங்கத் தயங்கி நின்றான். எயினனை அடித்த பின்னர் அவன் துடுப்பைத் தொடுவது அதுவே முதல் தடவை. கண்ணந்தையார் பொறுமையாக நீட்டிக்கொண்டே நின்றார். பிறகு வாங்கிக்கொண்டு, முதல் ஓடத்தை அக்கரை நோக்கித் தள்ளினான். இப்போது அவன் ஓடத்தில் ஏறுபவர்களிடம் அக்கரையில் இது உண்டு, அது உண்டு என்று எதுவும் சொல்வதில்லையாம். உட்காருங்க என்று மட்டும் சொல்கிறானாம். வடிவி தன் வீட்டில் இருக்கிறாள். ஆற்றைக் கடக்க வேண்டிய நாளில் கீழ்த்துறைக்குப் போய் வேறு ஓடத்தில் ஏறுகிறாள். செய்யாள் அம்மையாரும் அவளும் இப்போது பகலில் சேர்ந்தே உலை வைக்கிறார்கள் என்று கேள்வி.

நடந்தது இதுவே. இனி ஆணை.

அரசுப் பணியில் இறந்தவரின் குடும்பத்தை அவர் இருந்த வீட்டிலிருந்து எவரும் எழுப்பலாகாது. தங்க இடமற்றோர் எவ்வூரில் இருப்பினும், அவ்வூர்ப் பொதுக்கட்டடங்களுள் ஒன்று கூரை திருத்தி அவர்க்கு ஒதுக்கப்பட வேண்டும். யானை கட்டாத கொட்டிலும், நெல் இல்லாத களஞ்சியமும், விழா இல்லாத மண்டபமும் இதற்கு ஏற்றவையே. விடைச்சோறு கேட்பவர் அதனைப் பிறர்க்கு அளிக்க விரும்பின், அளிக்கப்பட வேண்டும். பசித்தோர்க்குச் சோறிட ஒருவன் சாகும் நாள்வரை காத்திருக்கும் நாடு நம்முடையதாக இருக்கலாகாது என்பதால், அவ்வழக்கம் ஒருநாளும் தேவைப்படாதவாறு நடந்துகொள்வது அதிகாரிகள் கடமை.

இவ்வாணைகள் தென்கரைக் கோட்டத்திலும் செல்லும். தங்கள் கோட்டைவாசலுக்கு மேற்கே, பழைய சுங்கச்சாவடியின் நிழலில் பலர் படுத்திருப்பதாக, தாங்கள் சொன்ன அதே வணிகர்கள் இங்கும் சொன்னார்கள். அவர்களைப் பற்றித் தங்கள் ஓலையில் ஏதும் இல்லை. தேவியார் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொல்லி, அவ்வோலையில் அவர்கள் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டார். ஆணை நடைபெறுகிறதா என்று காண்பதற்கு, தங்க இடமற்றோர்க்கென நாடெங்கும் ஒதுக்கப்படும் அறக்கூடங்களின் கண்காணிப்பாளராக அண்மையில் அமர்த்தப்பட்ட கண்ணந்தையாரே இவ்வோலையோடு வருகிறார். அவருக்கு அயிரைமீன் குழம்பு பிடிக்கும். ஆனால் வாசலில் படுத்திருப்பவர் உண்ட பின்னரே அவர் உண்பார் என்பதால், அவர் பசியையும் கருதி விரைக.

இது பெருந்தேவியாரின் வேங்கை முத்திரை பதிந்த ஓலை. எழுதினேன் விறல்மாறன், கேட்டு இசைந்தார் தேவியார். இதனைப் படித்து முடித்ததும் முதலில் அடுப்பு மூட்டப்படுக. பதிலோலை அதன்பின் எழுதப்படுக.